"நடிக்காதே" என்று சொல்லிவிட்டால்

போன வாரம் குறுவட்டப் போட்டியில் ஒரு புதுப் பயிற்சியாளர், காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த பையனைப் பார்த்து "நடிக்காதடா" என்று கத்தினார். எனக்கு வயிறு கலங்கிவிட்டது. அடிக்கக் கூடாது, கெட்ட வார்த்தை கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும், அதை விடுகிறேன். பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் நம்மைப் போன்றவர்கள் செய்யக் கூடாத மற்றவற்றைச் சொல்கிறேன்.

தண்டனையாக ரவுண்டு ஓடவிடுவது

வேண்டாம். ஓட்டமே வெறுத்துப்போகும்.

வலி என்றவரை விரட்டுவது

இதைச் செய்தவன் நான். ஒன்பதாம் வகுப்புப் பெண், 1500 மீட்டர் ஓடுவாள். "முழங்காலுக்குக் கீழே எலும்பு வலிக்குது சார்" என்றாள். மாவட்டப் போட்டி நெருங்கிய நேரம். எல்லோர் முன்னாலும் "நடிக்காதே" என்றேன். அப்புறம் அவள் வாயே திறக்கவில்லை. மூன்று வாரம் கழித்து ஓடும்போதே உட்கார்ந்துவிட்டாள். எலும்பில் கீறல். இரண்டு மாதம் ஓட்டமில்லை. ராத்திரியெல்லாம் காலில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு படுப்பாளாம். "சார் திட்டுவார், சொல்லாதே" என்று அம்மாவையும் தடுத்திருக்கிறாள். இன்றைக்கும் என்னால் அதை மறக்க முடியவில்லை.

எலும்பின் ஓரம் நெடுக வலித்தால் பெரும்பாலும் பயிற்சி திடீரென்று கூடியதால்தான், குறைத்தால் சரியாகும். ஒரே இடத்தில் விரலை வைத்துக் காட்டினால், அல்லது படுத்தாலும் வலித்தால், அன்றோடு ஓட்டத்தை நிறுத்தி எலும்பு டாக்டரிடம் அனுப்புங்கள். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்று திரும்ப ஓடவிடாதீர்கள். இந்தக் கீறல் ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகும். உழைப்புக்கேற்ற சாப்பாடு இல்லாமல் மாதவிடாய் நின்றுபோன பெண்களுக்கு எலும்பில் சீக்கிரம் கீறல் விழும். அதை என்னைப் போன்ற ஆண்களிடம் சொல்லமாட்டார்கள், ஒரு டீச்சரைப் பொறுப்பாக வையுங்கள்.

எடைக்காகப் பட்டினி

1997இல் அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் வேகமாக எடை குறைக்கப்போய்ச் சில வாரங்களுக்குள் இறந்தார்கள். எடை வரம்புக்குள் ஆட்களை இறக்கும் கபடி மாஸ்டர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். தண்ணீரை ஒருபோதும் நிறுத்தாதீர்கள்.

கேட்காமல் விடுவது

இப்போது தினமும் பயிற்சிக்கு முன் ஒவ்வொருவரிடமும் இரண்டு கேள்வி: எங்கே வலி, ராத்திரி தூங்கினாயா? நோட்டில் எழுதிவைக்கிறேன். முதல் பத்து நாள் எல்லோரும் "ஒண்ணுமில்ல சார்" என்றார்கள். ஒருநாள் ஒரு பையன் குதிகால் வலி என்றான். திட்டாமல் உட்காரவைத்தேன். மறுநாள் நான்கு பேர் சொன்னார்கள்.