துடுப்புப் பலகையில் முதல் நாள்: மணக்குடிக் காயலில் தொடங்குவோம்

பேடில் போர்டு, அதாவது நின்றபடி துடுப்புப் போட்டுப் போகும் பலகை, கைக்கு வந்ததும் நேராகக் கடலுக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். 2024 மே மாதம், கள்ளக்கடல் (இங்கே காற்றில்லாமலே திடீரென எழும் பேரலை) எச்சரிக்கை வந்திருந்த நாட்களில், கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் 5 மருத்துவ மாணவர்களை அலை இழுத்துப் போனது நமக்கு மறக்காது. பழையாறு கடலில் சேரும் மணக்குடிக் காயலில், அதுவும் காயல் கடலோடு சேரும் வாயான பொழிமுகத்தை விட்டு நன்றாக உள்ளே தள்ளி, கற்றுக்கொள்ளுங்கள். நீர் வற்றும் நேரத்தில் ஓட்டம் பொழியை நோக்கித்தான் இழுக்கும். வலை எங்கே கிடக்கிறது, எங்கே ஆழம் என்று அங்கே வள்ளத்தில் நிற்கும் அண்ணன்மாரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள், அவர்களுக்குத் தெரியாத இடம் அங்கே கிடையாது.

காலை 6 மணிக்கே போய்விடுங்கள். வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும், பலகையில் நிமிர்ந்து நிற்கும் உடம்பே ஒரு பாய்மரம். முப்பந்தல் காற்றாலைகள் ஓய்வில்லாமல் சுற்றும் ஆனி, ஆடி மாதங்களில் புதியவர்கள் இதைத் தொடவே வேண்டாம். தை, மாசிதான் நல்ல காலம்.

பலகை பத்தரை அடி நீளம், 32 அங்குலத்துக்குக் குறையாத அகலம். காற்றடிக்கிற வகை என்றால் அதில் எழுதியிருக்கும் அளவு வரை, பெரும்பாலும் 12 முதல் 15 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு), அடியுங்கள். கை வலிக்கிறதே என்று பாதியில் விட்டால் நடுவில் தொய்ந்து, நிற்கவே விடாது. துடுப்பு உங்கள் உயரத்தைவிட ஓர் அரையடி கூடுதலாக இருக்கட்டும். லைஃப் ஜாக்கெட் கட்டாயம், நீச்சல் தெரிந்தாலும்தான்.

முழங்கால் ஆழம் வரை நடத்திக் கொண்டுபோய், பலகையோடு உங்களைப் பிணைக்கும் கயிறான லீஷைக் கணுக்காலில் கட்டி, நடுவில் உள்ள கைப்பிடிக்கு இரு பக்கமும் முழங்கால் வைத்து ஏறுங்கள். முதல் அரைமணி நேரம் மண்டியிட்டே துடுப்புப் போடுங்கள். நம் கட்டுமரக்காரர்கள் மண்டியிட்டுத் துழாவுவதைப் பார்த்திருப்பீர்களே, அதே நிலைதான், அவசரப்படவே வேண்டாம். அப்புறம் துடுப்பைக் குறுக்கே வைத்து, ஒவ்வொரு காலாக முழங்கால் இருந்த இடத்தில் பதித்து, மெதுவாக எழுங்கள். முழங்கால் லேசாக மடங்கியே இருக்கட்டும். கண் அக்கரைத் தென்னையில் இருக்க வேண்டும், நான் முதல்நாள் என் பாதத்தையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்து நாலு முறை விழுந்தேன். எழுந்ததும் நின்றுகொண்டே இருக்காமல் உடனே துழாவுங்கள், நகரும் பலகை ஆடாது.

துடுப்பின் இலைப்பகுதி லேசாக வளைந்திருக்கும். அந்தச் சாய்வு முன்பக்கம், உங்களை விட்டு விலகிப் பார்க்க வேண்டும். பார்த்தால் தலைகீழாகத் தோன்றும், அதனால் நிறையப் பேர் திருப்பிப் பிடிக்கிறார்கள். மேல்கை துடுப்பின் தலையில், கீழ்க்கை தண்டில். பாதத்தின் அருகே வந்ததும் துடுப்பை எடுத்துவிடுங்கள், அதற்குப் பின்னால் இழுத்தால் பலகை திரும்பத்தான் செய்யும்.

விழும்போது பலகையை விட்டு விலகி, தட்டையாகத் தண்ணீரில் விழுங்கள், தலை குப்புறப் பாய வேண்டாம். திரும்ப ஏற, பக்கவாட்டில் கைப்பிடியைப் பிடித்து, காலை உதைத்து, வயிறு பலகைமேல் வரும்வரை இழுத்துக்கொள்ளுங்கள். இதை நாலைந்து தடவை வேண்டுமென்றே பழகுங்கள்.

போகும்போது காற்றுக்கு எதிராகப் போங்கள், அப்போதுதான் களைத்தபின் காற்றே கரைக்குக் கொண்டுவரும். தப்பித்தவறிக் காற்று தள்ளிக்கொண்டு போனால் உடனே மண்டியிடுங்கள், அதுவும் முடியாவிட்டால் குப்புறப் படுத்துக் கையால் துழாவுங்கள். பலகையை விட்டுவிட்டு நீந்த மட்டும் நினைக்கவே கூடாது.

கரையேறியதும் நல்ல தண்ணீரில் கழுவி, கொஞ்சம் காற்றை இறக்கி, தென்னை நிழலில் போடுங்கள். முழுக்காற்றோடு வெயிலில் கிடந்தால் உள்ளே காற்று விரிந்து ஒட்டிய இடம் விட்டுவிடும்.