நெட் இல்லாத வகுப்பிலயும் அனிமேஷன் பாடம் நடத்தலாம்: முதல் தடவை செய்யிற ஆக்களுக்கு ஸ்டெப் பை ஸ்டெப்

திருகோணமலைப் பக்கம் படிப்பிக்கிற ரீச்சர்மார், சேர்மார், வீட்டில பிள்ளைக்குச் சொல்லிக் குடுக்கிற அம்மா அப்பாமார், உங்களுக்குத்தான் இது. அனிமேஷன் காட்டிப் படிப்பிக்க நல்ல வெப்சைட் சொல்லுங்கோ எண்டு ஒரு வட்ஸ்அப் குரூப்பில கேட்டுப் பாருங்கோ, மழை மாதிரி லிங்க் வந்து விழும், திறந்து பார்த்தா ஒண்டு காசு கட்டச் சொல்லும், ஒண்டு அமெரிக்கப் பாடத்திட்டம், மிச்சம் எல்லாம் சும்மா வீடியோ. அதனால நான் லிஸ்ட் தரப்போறதில்லை, ஒரே ஒரு சைட்டை எடுத்து முழுசா எப்படிப் பாவிக்கிறது எண்டு சொல்றன்.

அந்த சைட்டுக்குப் பேர் ஃபெட். இங்கிலீசில பி, எச், ஈ, டி எண்டு அடிச்சு பக்கத்தில சிமுலேஷன் (தொட்டு மாத்திப் பார்க்கிற அனிமேஷன்) எண்டும் இங்கிலீசில போட்டா கூகிள்ல முதலாவதா வரும். அமெரிக்காவில கொலராடோ போல்டர் பல்கலைக்கழகம் நடத்துது. 2001ல பௌதிகத்துக்கு நோபல் பரிசு எடுத்த கார்ல் வீமன் எண்டவர் 2002ல தொடங்கினது. முதல்ல பௌதிகம் மட்டும்தான் இருந்தது, இப்ப இரசாயனம், கணிதம், உயிரியல் எல்லாம் இருக்கு. வெப்சைட்டில சிமுலேஷன் எல்லாமே இலவசம் (போனுக்கு காசு குடுத்து வாங்கிற அப் ஒண்டும் இருக்கு, அது தேவையில்லை, பிரௌசரே போதும்).

வீடியோவுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம் எண்டா, வீடியோவை பிள்ளை பார்த்துக்கொண்டு இருக்கும், இதில பிள்ளை கை வைச்சு இழுக்கும், மாத்தும், பிழைக்கும், திரும்பச் செய்யும். கலர்கலரா ஓடுறது எல்லாம் படிப்பு இல்லை, என்னைக் கேட்டா பிள்ளை ஒண்டையும் தொடாத அனிமேஷனும் கார்ட்டூனும் ஒண்டுதான்.

ஸ்டெப் 1: பாடத்தை முதல்ல எடுங்கோ, சைட்டை இல்லை

கனபேர் சைட்டைத் திறந்து வடிவா இருக்கிறதைப் பார்த்து எடுக்கிறது, பிறகு அதுக்குப் பாடம் தேடுறது. மாறிச் செய்யுங்கோ. புத்தகத்தில வாற கிழமை என்ன அலகு எண்டு பாருங்கோ. புத்தகம் கையில இல்லாட்டி கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின்ர வெப்சைட்டில பிடிஎஃப் இருக்கு. கல்வி அமைச்சின்ர ஈ-தக்சலாவ தளத்திலயும் தரம் வாரியா தமிழ்ல பாடங்கள் இருக்கு, அதையும் ஒருக்கா எட்டிப் பாருங்கோ. நான் இங்க மின்சுற்றை உதாரணமா எடுக்கிறன்.

ஸ்டெப் 2: தமிழ் ஃபைலை இறக்குறது

ஃபெட்டில உங்கட பாடத்துக்குரிய சிமுலேஷனைத் தேடி அதின்ர பக்கத்தைத் திறந்தா கீழ மொழிபெயர்ப்புகள் எண்டு ஒரு பகுதி வரும். அதில மொழிகள் வரிசையா நிக்கும், தமிழ் இருக்கா எண்டு தேடுங்கோ. எல்லாத்துக்கும் எல்லா மொழியும் இருக்காது, ஏனெண்டா மொழிபெயர்க்கிறது தொண்டர்கள். தமிழ் இல்லாட்டியும் கவலைப்படாதேங்கோ, படத்தைப் பார்த்தே பாதி விளங்கும், இங்கிலீஸ் ஃபைலை எடுங்கோ. டவுன்லோட் அடையாளத்தை அமத்தினா ஒரே ஒரு எச்டிஎம்எல் ஃபைல் வரும். அவ்வளவுதான், இன்ஸ்டோல் ஒண்டும் இல்லை. வேலையெல்லாம் அந்த ஒரு ஃபைலுக்குள்ளயே இருக்கிறதால பிறகு நெட் தேவையே இல்லை. மார்கழி மழைக்குள்ள சிக்னல் எப்ப வரும் எப்ப போகும் எண்டு தெரியாத இடத்தில இருக்கிற ஆக்களுக்கு இதுதான் பெரிய விசயம்.

ஃபைலுக்கு பேர் மாத்தி வையுங்கோ, "தரம் இத்தனை, மின்சுற்று" எண்டு. இல்லாட்டி ரெண்டு மாசத்துக்குப் பிறகு பென் டிரைவைத் திறந்தா எது என்னெண்டே தெரியாது.

ஸ்டெப் 3: வைஃபையை ஓஃப் பண்ணிப் போட்டு டெஸ்ட் பண்ணுங்கோ

வீட்டிலயே செய்யுங்கோ. ஸ்கூல் லப்டொப்பில பிரௌசர் மிச்சம் பழசா இருந்தா சில நேரம் திறக்காது, அதனால முதல்நாளே அந்த மெஷினில போட்டுப் பாருங்கோ. பெற்றோருக்கு அனுப்புறதெண்டா வட்ஸ்அப்பில டொக்கியுமென்டா அனுப்பலாம், அன்ட்ரொயிட் போனில திறக்கேக்க எதில திறக்க எண்டு கேட்டா குரோமைக் குடுக்கச் சொல்லுங்கோ, போனைப் படுக்கையா பிடிக்கவும் சொல்லுங்கோ, நிமித்திப் பிடிச்சா எல்லாம் குட்டியாத் தெரியும். ஐபோனில இது கொஞ்சம் இழுபடும், அவங்கள் நேரா சைட்டில பார்க்கிறது லேசு.

ஸ்டெப் 4: வகுப்பில, முதல்ல ஊகம், பிறகுதான் மவுஸ்

இதில்தான் முழு விசயமும் இருக்கு, ஆறுதலா வாசியுங்கோ.

நேர் மின்னோட்டச் சுற்று கட்டுற சிமுலேஷனைத் திறந்தா ஒரு பக்கம் வயர், பேட்டரி, பல்ப், சுவிட்ச் எல்லாம் இருக்கும், இழுத்து நடுவில விட்டு முனையோட முனை ஒட்ட வைக்கிறதுதான் வேலை. சுற்று மூடினா பல்ப் எரியும், நீலக் குண்டு குண்டா இலத்திரன் ஓடுறது தெரியும்.

ஒரு பேட்டரி, ஒரு பல்ப் போட்டுக் காட்டுங்கோ. பிறகு இரண்டாவது பல்ப்பை அதே வரிசையில தொடரா போடப்போறன் எண்டு சொல்லிட்டு நிப்பாட்டுங்கோ. எந்த பல்ப் கூட எரியும்? எல்லாரும் கொப்பியில எழுதட்டும், கை உயர்த்தட்டும். முதல் பல்ப் கரண்டைக் குடிச்சிடும், ரெண்டாவதுக்கு மிச்சம்தான் போகும் எண்டு கனபேர் சொல்லுவாங்கள், பெரிய ஆக்களும் அப்படித்தான் நினைக்கிறது. இப்ப ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு அவரே இணைக்கட்டும். ரெண்டும் ஒரே அளவு மங்கலா எரியும். குண்டுகள் ரெண்டு பல்ப்புக்கு முன்னாலயும் பின்னாலயும் ஒரே வேகத்தில போகும். அம்பியர்மானியை (கரண்டை அளக்கிற கருவி) இழுத்து எங்க வைச்சாலும் ஒரே கணக்குத்தான் காட்டும். கரண்ட் எங்கயும் குறையிறதில்லை எண்டு நீங்கள் வாயால பத்துத்தரம் சொன்னாலும் ஏறாதது இதில ஏறும், ஆனா ஊகம் எழுதிவைச்ச பிள்ளைக்குத்தான் ஏறும். எழுதாததுக்கு அது ஆ எண்டு பார்க்கிற ஒரு படம்.

பிறகு சமாந்தரமா, அதாவது ஒவ்வொரு பல்ப்பையும் பேட்டரியோட தனித்தனி வழியில, போடச் சொல்லுங்கோ, ரெண்டும் தனி பல்ப் எரிஞ்ச அளவுக்கே எரியும். கோயில் திருவிழா லைட்டில ஒரு பல்ப் போனா ஏன் சிலதில ஒரு துண்டு முழுக்க அணையுது, வீட்டில ஒரு லைட் போனா மற்றது ஏன் எரியுது எண்டு இந்த இடத்தில கேட்டீங்கள் எண்டா பதில் அவங்களே சொல்லுவாங்கள்.

எப்படியும் ஒரு குழப்படிக்காரன் பேட்டரியின்ர ரெண்டு முனையையும் வெறும் வயரால இணைப்பான், ஸ்கிரீனில நெருப்பு பத்தும், வகுப்பு சிரிக்கும். விடுங்கோ, தடுக்காதேங்கோ, குறுஞ்சுற்று பாடம் அப்படியே வந்திட்டுது. வீட்டு பிளக்கில இதைச் செய்யக் கூடாது எண்டதை மட்டும் அழுத்திச் சொல்லுங்கோ. நாணயம், பென்சில், அழிறப்பர், ஒரு நாய் கூட இருக்கு, எதில கரண்ட் போகும் எண்டு பார்க்க.

புரொஜெக்டர் இல்லாட்டி? ஒரு லப்டொப் போதும், வாங்கு வாங்காக் கூப்பிடுங்கோ, மற்றவங்கள் அதுவரை ஊகத்தைப் படமா கீறட்டும். 40 நிமிஷத்தில ரெண்டு கேள்விக்கு மேல எடுக்காதேங்கோ. மவுஸ் உங்கட கையில இருந்தா அது திரும்பவும் வீடியோதான்.

ஸ்டெப் 5: பரீட்சைச் சொல்லு

தமிழாக்கத்தில சிலது இந்தியப் புத்தகச் சொல்லா இருக்கும். எலக்ட்ரான் எண்டு வந்தா எங்கட புத்தகத்தில இலத்திரன், மின்தடையம் எண்டு வந்தா தடையி. போர்டில பக்கத்துப் பக்கத்தில எழுதிவிட்டா போதும். இன்னொண்டு, புத்தகத்தில மின்னோட்டத் திசை நேர் முனையில இருந்து மறை முனைக்கு, நீலக் குண்டு அதுக்கு எதிர்ப்பக்கம் ஓடும். கெட்டிக்காரப் பிள்ளை கட்டாயம் கேட்கும். திசையை மாத்திக் காட்ட அதிலயே ஒரு தெரிவு இருக்கு.

சைட்டில ரீச்சர் எண்டு இலவசமா பதிஞ்சா மற்ற ஆசிரியர்கள் செய்த பயிற்சித் தாளும் எடுக்கலாம். இங்கிலீசில்தான் கூட, ஆனா ஐடியா பிடிக்க நல்லது.

இது பழகினாப் பிறகு கணிதத்துக்கு ஜியோஜிப்ரா எண்ட, உருவம் கீறி இழுத்துப் பார்க்கிற மென்பொருளைப் பாருங்கோ. வட்டநாற்பக்கல் ஒண்டு கீறி ஒரு புள்ளியைப் பரிதியில இழுத்துக்கொண்டே எதிர்க்கோணங்களைக் கூட்டிப் பாருங்கோ, 180 பாகை அசையாது. பிள்ளைகளே அனிமேஷன் செய்யோணும் எண்டா அமெரிக்காவின்ர எம்ஐடி பல்கலைக்கழகத்தில உருவான ஸ்கிராட்ச் எண்ட மென்பொருள் இருக்கு, 2007ல வந்தது, ஓஃப்லைனுக்கும் இறக்கலாம். வாடைக் காற்று எங்க இருந்து மழையைக் கொண்டு வருது எண்டு கடலும் மேகமும் வைச்சு ஒரு குழு செய்யட்டும், எங்கட ஊர்ப் பிள்ளைக்கு அது சொல்லிக் குடுக்கத் தேவையில்லாத விசயம்.

கடைசியா, பழைய லிங்க் யாரும் அனுப்பினா கவனம். முந்திய கல்வி அனிமேஷன் கனக்க ஃபிளாஷ் எண்ட மென்பொருளில செய்தது, அதை அதின்ர கம்பனி அடோபி 2020 டிசம்பர் 31ஓட கைவிட்டுட்டுது, 2021 ஜனவரி 12ல இருந்து ஓடவும் விடுறதில்லை. சிலதை ரஃபிள் எண்ட இலவச பிரௌசர் எக்ஸ்டென்ஷன் போட்டுப் பார்க்கலாம். ஆனா "ஃபிளாஷ் பிளேயர் அப்டேட் பண்ணுங்கோ" எண்டு எங்கயாவது ஒரு பட்டன் மின்னிக்கொண்டு வந்தா அமத்தாதேங்கோ, அப்படி ஒரு அப்டேட் இப்ப கிடையாது, வாறது அனேகமா வைரஸ்தான்.