வரப்பில் நின்று பேசும்போது வேளாண் அலுவலர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"நாங்க சொன்னா எங்கே கேக்குறாங்க" என்ற புலம்பலை எந்த வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்திலும் கேட்கலாம். அதே ஊர் டீக்கடையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் மறுபக்கம் காதில் விழும்: "வந்தாரு, போட்டோ எடுத்தாரு, கையெழுத்து வாங்குனாரு, போயிட்டாரு." இரண்டு பேச்சிலும் உண்மை இருக்கிறது. அலுவலர் சொல்லும் தகவல் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அதை விவசாயி அன்றைக்கு அந்த வயலில் செய்யக்கூடிய வடிவத்தில் சொல்வதில்தான் கோட்டை விடுகிறோம்.

தேசிய மாதிரி ஆய்வு நிறுவனம் 2003-இல் நாடு முழுவதும் எடுத்த கணக்கில், நவீன தொழில்நுட்பத் தகவலை விரிவாக்கப் பணியாளரிடம் (வயலுக்கு வந்து ஆலோசனை சொல்லும் அரசு ஊழியர்) பெற்ற விவசாயக் குடும்பங்கள் சுமார் 6 சதவீதம். உரம், மருந்து விற்கும் இடுபொருள் கடைக்காரரிடம் பெற்றவை சுமார் 13 சதவீதம். ஆள் பற்றாக்குறை ஒரு காரணம். ஒரு உதவி வேளாண்மை அலுவலர் எத்தனை கிராமத்தைத்தான் சுற்றுவார்? ஆனால் கடைக்காரரிடம் இன்னொரு வசதியும் உண்டு. அவர் "டேங்குக்கு இவ்வளவு" என்று மருந்து தெளிப்பான் கணக்கிலேயே சொல்லிவிடுகிறார்.

ஹெக்டேரில் பேசுவது

நெல்லுக்கு ஹெக்டேருக்குத் தழை, மணி, சாம்பல் சத்து 150:50:50 கிலோ என்பது கையேட்டுக் கணக்கு. டெல்டாவில் ஒருவர் தன் நிலத்தை மாவில் சொல்வார்; மூன்று மா ஒரு ஏக்கர். உரத்தை அவர் மூட்டையில் வாங்குகிறார். தழைச்சத்து 150 கிலோ என்று சொல்லிவிட்டு வந்தால், ஹெக்டேரை ஏக்கராக்கி, சத்தை உரமாக்கி, மணிச்சத்துக்காகப் போடும் டிஏபி உரத்தில் இருக்கும் தழைச்சத்தைக் கழித்து, மிச்சத்தை மூட்டையாக்கும் வேலை முழுவதும் அவர் தலையில் விழுகிறது. அதைப் போட்டுக் கொடுக்கத்தானே நமக்குச் சம்பளம்? ஏக்கருக்கு ஒரு மூட்டை டிஏபி, இரண்டரை மூட்டை யூரியா, 35 கிலோ பொட்டாஷ். டிஏபி அடியுரம், யூரியாவை ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்துப் போட வேண்டும். இப்படிச் சொன்னால் கடைக்குப் போகும் வழியிலும் மறக்காது. (யூரியா மூட்டை 2018-இலிருந்து 45 கிலோ. இன்னமும் 50 என்று வைத்துக் கணக்குப் போடுகிறவர்கள் நம்மிலேயே உண்டு.) மண் பரிசோதனை அட்டை வைத்திருப்பவருக்கு இந்தக் கணக்கு மாறும், அதையும் அட்டையைப் பார்த்து அங்கேயே மூட்டையில் சொல்லிவிட வேண்டும்.

மருந்து விஷயத்தில் இது இன்னும் மோசமாகப் போய் முடியும். ஏக்கருக்கு 200 மில்லி மருந்து, 200 லிட்டர் தண்ணீர் என்பது பரிந்துரை என்று வைத்துக்கொள்வோம். அலுவலரும் கொஞ்சம் இறங்கிவந்து, "16 லிட்டர் டேங்குக்கு 16 மில்லி ஊத்துங்க" என்கிறார். கணக்கு சரி. ஆனால் அந்த விவசாயி ஏக்கருக்கு ஏழு டேங்க்தான் அடிப்பார். வாய்க்காலில் மொண்டு, முதுகில் தூக்கி, சேற்றில் நடந்து பன்னிரண்டரை டேங்க் அடிக்க யாரால் முடியும்? ஏழு டேங்க் என்றால் 112 மில்லி. பாதி மருந்துதான் வயலுக்குப் போயிருக்கிறது. பூச்சி சாகவில்லை, "ஆபீசர் சொன்ன மருந்து கேக்கல" என்று ஊருக்குள் பேச்சாகிவிடும். அடுத்த தடவை அவரே அளவை இரண்டு மடங்காக்குவார், அல்லது கடையில் இன்னொரு டப்பாவைச் சேர்த்து வாங்குவார். "ஏக்கருக்கு எத்தனை டேங்க் அடிப்பீங்க?" என்று முதலில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கூடவே, எதில் அளக்கிறார் என்பதையும். பாட்டில் மூடிதான் பல வீடுகளில் அளவு. மூடிக்கு மூடி கொள்ளளவு வேறு.

பயிரைப் பார்க்காமல் மருந்து சொல்வது

ரோட்டோரம் வண்டியை நிறுத்தாமலே, நீட்டிய இலையைப் பார்த்துப் பெயர் சொல்வது ஒரு கெட்ட பழக்கம். வாட்ஸ்அப் வந்த பிறகு அது கூடிவிட்டது. சாறு உறிஞ்சும் பூச்சியான புகையான் தாக்கிய வயலிலிருந்து ஒரு இலையைப் பறித்து வந்தால் அது வெறும் காய்ந்த இலை. பூச்சி இருப்பது அடித்தூரில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே. இறங்கி, நட்ட நாற்றுக் குத்தை விலக்கி, விவசாயியையும் குனிந்து பார்க்க வைக்க வேண்டும். தூருக்கு (குத்தில் கிளைத்த ஒவ்வொரு தண்டுக்கும்) ஒரு பூச்சி இருந்தால் மருந்து தேவைப்படும். குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம். இதைக் கூட்டத்தில் சொன்னால் எண்ணாக நிற்கும். அவர் கண்ணெதிரே சிலந்தி ஓடும்போது சொன்னால், அடுத்த வாரம் அவரே குனிந்து எண்ணுவார்.

அங்கேயே கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி: "இதுக்கு முன்னாடி என்ன அடிச்சீங்கண்ணே?" இலைசுருட்டுப் புழுவுக்கென்று அடித்த செயற்கை பைரித்ராய்டு மருந்து, புகையானைத் தின்னும் சிலந்தியையும் சேர்த்துக் கொன்றிருக்கலாம், அதன் பிறகு புகையான் பெருகுவது தெரிந்த விஷயம். யூரியா அதிகம் போனாலும் இதே கதிதான். ஆனால் கேள்வியின் தொனி முக்கியம். "இதை யாரு அடிக்கச் சொன்னது? இவ்வளவு யூரியாவா போடுவாங்க?" என்று நாலு பேர் முன்னால் ஆரம்பித்தால், அவர் "ஒண்ணும் அடிக்கல சார்" என்று சொல்லிவிடுவார். மரியாதை போன இடத்தில் உண்மை வெளியே வராது, நம்முடைய நோயறிதலும் அதோடு போச்சு. இருபத்தைந்து வயது அலுவலர் அறுபது வயதுக்காரரை "என்னப்பா" என்று கூப்பிடுவதையும் இதே கணக்கில்தான் சேர்க்க வேண்டும்.

எங்கே இடிக்கிறது என்று கேட்காமல் போதிப்பது

திருந்திய நெல் சாகுபடி நல்ல உதாரணம். மடகாஸ்கரில் தொடங்கி இங்கே வந்த முறை. 2000-களில் தமிழ்நாட்டில் பெரிய அளவில் பரப்பினார்கள். ஏக்கருக்கு 3 கிலோ விதை, 8 சென்ட் நாற்றங்காலுக்குப் பதில் 1 சென்ட், 14 நாள் நாற்று, குத்துக்கு ஒன்று, 22.5 செ.மீ. சதுர இடைவெளி, கோனோ களைக்கருவி, காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர். விதை மிச்சம், தண்ணீர் மிச்சம், மகசூலும் கூடும் என்று அலுவலர் சொன்னதில் பொய் இல்லை. பிறகு ஏன் பலர் ஒரு போகத்தோடு விட்டார்கள்?

நடவு ஆட்களைக் கேட்டால் தெரியும். பெண்கள் குழுவாக ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி நட வருகிறார்கள். கை வேகத்தில் நட்டுப் பழகியவர்களிடம் கயிற்றைப் பிடித்து, சின்னஞ்சிறு நாற்றை ஒவ்வொன்றாகப் பிரித்து நடச் சொன்னால் ஒரு நாள் வேலை இழுத்துக்கொண்டு போகும். கூலி கூட்டிக் கேட்பார்கள், இல்லையென்றால் பக்கத்து வயலுக்குப் போய்விடுவார்கள். கடைமடைக்காரருக்கு வேறு சிக்கல். முறைப்பாசனத்தில் தண்ணீர் எந்த நாள் வரும் என்று தெரியாமல் 14 நாள் நாற்றுக்கு அவர் எப்படி உறுதி கொடுப்பார்? பள்ளக்கால் வயலில் சம்பா நடுகிறவருக்கு ஐப்பசி அடைமழை பயம். ஒற்றை நாற்று முழுகினால் கதை முடிந்தது. இதையெல்லாம் எடைபோட்டுத்தான் "பார்க்கலாம் சார்" என்கிறார். அந்தப் "பார்க்கலாம்" பல சமயம் மரியாதையான "முடியாது". அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு பதிவேட்டில் ஏற்றுவதுதான் நம் வழக்கம்.

"இதுல எங்கே இடிக்குது?" என்று கேட்டால் பேச்சு வேறு பக்கம் திரும்பும். முழுசாக முடியாவிட்டால் கயிறு பிடித்து வரிசை நடவாவது செய்யலாம். எட்டடிக்கு ஓரடி பட்டம் (நடாமல் விடும் இடைவெளி) விட்டாலே காற்றும் வெளிச்சமும் அடித்தூருக்கு இறங்கும், மருந்தடிக்கிறவருக்கும் நடக்க வழி கிடைக்கும். ஆள் பிரச்சினைதான் பெரிது என்றால் நடவு இயந்திரமும் அதற்கு ஏற்றபடி நாற்றைப் பாய்போல வளர்க்கும் பாய் நாற்றங்காலும் பற்றிப் பேசலாம். ஏக்கர் முழுக்க வேண்டாம், ஒரு மாவில் செய்து பார்க்கச் சொல்லலாம். பக்கத்து ஊரில் செய்தவர் வயலுக்கு அவரைக் கூட்டிப்போவது நம் பேச்சைவிட வேலை செய்யும்.

நேரமும் ஆளும்

மும்முனை மின்சாரம் வரும் நேரத்தில் போய் நின்று பேச்சுக் கொடுக்கக் கூடாது. அவர் காது நம்மிடம் இருக்கும், கண் மோட்டார் கொட்டகையில் இருக்கும். ஊரில் எத்தனை மணிக்குக் கரண்ட் விடுகிறார்கள் என்று தெரிந்துகொண்டு போவது பெரிய வேலை இல்லை.

யாரிடம் பேசுகிறோம் என்பதிலும் தவறு நடக்கிறது. களை எடுப்பது, நாற்றுப் பறிப்பது, பல வீடுகளில் விதைநெல் காய வைப்பது எல்லாம் பெண்கள். பயிற்சிக் கூட்டத்தில் நாற்காலி ஆண்களுக்கு. பூஞ்சாண மருந்தில் விதை நேர்த்தி செய்வது பற்றி வீட்டுக்காரரிடம் விளக்கிவிட்டு, அந்த விதையைக் கையாளப்போகும் அம்மாவிடம் ஒரு வார்த்தையும் பேசாமல் வருகிறோம். நேர்த்தி செய்த நெல்லைக் கோழிக்குப் போடக்கூடாது என்பதை அவருக்கு யார் சொல்வது?

ஒரே மூச்சில் எல்லாம்

அடியுரம், விதை நேர்த்தி, பயிர்க் காப்பீடு, உழவன் செயலி, சொட்டுநீர் மானியம் எல்லாவற்றையும் ஒரே நடையில் சொல்லி முடித்தால் மானியம் மட்டும் மனதில் நிற்கும். அதுவும் வராவிட்டால் அடுத்த தடவை நம் தலையைக் கண்டதும் வேறு வரப்பில் நடப்பார். ஒதுக்கீடு கையில் வராத மானியத்தை "வந்துடும்" என்று சொல்லவே கூடாது. கையெழுத்து வேலை இருந்தால் அதை முதலிலேயே சொல்லி முடித்துவிட்டுப் பயிருக்கு வரலாம். அன்றைக்கு அந்தப் பயிருக்கு எது அவசரமோ அது ஒன்று, மிஞ்சினால் இரண்டு.

தெரியாத நோய் என்றால் "தெரியல, மாதிரி எடுத்துட்டுப் போய் கேவிகேல (வேளாண் அறிவியல் நிலையம்) கேட்டு வெள்ளிக்கிழமை சொல்றேன்" என்று சொல்வதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. வெள்ளிக்கிழமை போன் செய்ய வேண்டும், அவ்வளவுதான். பதில் கிடைக்கவில்லை என்றாலும் செய்ய வேண்டும்.

கிளம்பும் முன் ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கொடுங்கள். மருந்தின் வேதிப் பெயர், டேங்குக்கு எத்தனை மில்லி, அவர் நிலத்துக்கு எத்தனை டேங்க், எந்த நாள், அடித்த பிறகு எத்தனை நாள் கழித்துத்தான் அறுக்கலாம். கம்பெனிப் பெயரை மட்டும் எழுதினால் கடையில் "அது ஸ்டாக் இல்லண்ணே, இதுவும் அதேதான்" என்று வேறொன்றைக் கொடுப்பார்கள். வேதிப் பெயர் இருந்தால் டப்பாவைத் திருப்பிப் பார்த்து, படிக்கிற பிள்ளையை விட்டாவது ஒப்பிட்டுக்கொள்வார். சீட்டின் அடியில் உங்கள் போன் நம்பர்.