விறகடுப்பைப் பாதுகாப்பாக எரிப்பது எப்படி: புகைபோக்கி முதல் சாம்பல் வாளி வரை

எங்கள் வீட்டில் கேஸ் அடுப்பு இருந்தாலும் பின்கட்டில் விறகடுப்பும் எரிகிறது. குளிக்க வெந்நீர் போடவும், நெல் அவிக்கவும், விருந்தாள் வந்தால் பெரிய பானையில் சோறு வடிக்கவும் அதுதான் தோது. ஆனால் அம்மா பாதி ஆயுசைப் புகைக்குள் நின்றே கழித்தவர், இருமல் இன்னும் அவரை விடவில்லை. அதனால் இந்த அடுப்பைப் போடும்போது ஒரே ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருந்தேன்: வீட்டுக்குள் புகை வரவே கூடாது.

'விறகடுப்புன்னா புகை வரத்தானே செய்யும்' என்று சொல்லி விட்டுவிடாதீர்கள். விறகு, காற்று, குழாய் மூன்றில் ஒன்று சரியில்லாமல் போனால்தான் புகை உள்ளே வரும். வீட்டுக்குள் எரியும் அடுப்புப் புகையால் 2020-இல் மட்டும் உலகம் முழுக்கச் சுமார் 32 லட்சம் பேர் இறந்திருக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அடுப்புக்குப் பக்கத்தில் அதிக நேரம் இருப்பது பெண்களும் அவர்கள் இடுப்பில் இருக்கும் பிள்ளைகளும்தான்.

அடுப்பு கட்டுவதை இங்கே சொல்லப்போவதில்லை. புகைபோக்கி வைத்த இரண்டு கண் அடுப்பு, அதாவது ஒரு அடுப்பும் அதன் சூட்டிலேயே எரியும் பக்கத்துக் கண்ணான ஒரு கொடியடுப்பும் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு ஆரம்பிக்கிறேன்.

படி 1: இடம்

அடுப்பைச் சுற்றி மூன்று அடிக்குள் பற்றிக்கொள்ளும் பொருள் எதுவும் இருக்கக்கூடாது. கொடியில் காயும் துணி, கோணிச் சாக்கு, துடைப்பம், எண்ணெய் டின் எல்லாம் இதில் அடக்கம். அடுப்புக்கு மேலே பரண் போட்டு விறகு காயவைக்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு, அதை எடுத்துவிடுங்கள். கேஸ் சிலிண்டர் வேறு அறையில் இருக்கட்டும். ஒரு வாளி மணலும் ஒரு குடம் தண்ணீரும் எப்போதும் கைக்கு எட்டும் தூரத்தில் வேண்டும்.

அடுப்பின் உள்பக்கத்தைச் சிமென்ட் வைத்துப் பூசாதீர்கள், சூட்டில் வெடித்துப் பெயர்ந்து வரும். செம்மண்ணும் உமியும் சாணியும் குழைத்துப் பூசினால் நிற்கும், விரிசல் விட்டாலும் நாமே மெழுகிக்கொள்ளலாம்.

படி 2: புகைபோக்கி

குழாய் கூரையைத் துளைத்து வெளியே வரும் இடத்திலிருந்து குறைந்தது 3 அடி மேலே போக வேண்டும். சுற்றி 10 அடிக்குள் இருக்கும் முகடு, மாடிச் சுவர் எதைவிடவும் 2 அடி உயரமாக நிற்கவும் வேண்டும். இதைவிடக் குட்டையாக வைத்தால் காற்று கூரையில் மோதிச் சுழன்று புகையைத் திருப்பி உள்ளே தள்ளும். வளைவு எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

பிவிசி குழாய் வேண்டவே வேண்டாம். மலிவு என்று சிலர் வைக்கிறார்கள், சூட்டில் இளகுவதோடு நச்சுப் புகையும் விடும். கல்நார் சிமென்ட் குழாயையும் நான் வைக்க மாட்டேன். அதை அறுக்கும்போது பறக்கும் தூசி நுரையீரலுக்குக் கெடுதல். என் ஓட்டு கனமான இரும்புக் குழாய்க்குத்தான். அடியில் கரி அள்ள ஒரு வாயும் அதற்கு மூடியும் வைக்கச் சொல்லுங்கள். கூரை கீற்றாக இருந்தால் குழாயை அதன் வழியே விடாமல் சுவர் வழியாக வெளியே எடுத்து, கீற்றில் படாமல் தள்ளி நிறுத்துங்கள்.

படி 3: விறகு

சீமைக்கருவேலம், சவுக்கு இரண்டும் நின்று எரியும். எங்கள் பக்கம் சுலபமாகக் கிடைப்பதும் அவைதான். எந்த மரமானாலும் காய்ந்திருக்க வேண்டும். ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால்தான் சுத்தமாக எரியும் என்பார்கள். அதற்குக் கருவி வாங்க வேண்டியதில்லை. இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். 'டங்' என்று கேட்டால் காய்ந்தது, 'தொப்' என்று கேட்டால் ஈரம். காய்ந்த கட்டையின் வெட்டு முகத்தில் விரிசல் ஓடியிருக்கும், பட்டை தானே கழன்று வரும். ஈர விறகை அடுப்பில் வைத்தால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனையில் 'உஸ்ஸ்' என்று நுரை கக்கும். அதைப் பார்த்தால் உடனே இழுத்து வெளியே போடுங்கள்.

அரளி, எருக்கு, தில்லை இவற்றை எரிக்கக்கூடாது. பெயின்ட் அடித்த பலகை, பிளைவுட், பிளாஸ்டிக் கவர் எதுவும் கூடாது. அடுக்கிலிருந்து விறகு எடுக்கும்போது ஒரு தட்டு தட்டிவிட்டு எடுங்கள், மழைக்காலத்தில் தேள் ஒதுங்கியிருக்கும்.

படி 4: பற்றவைப்பது

நான் நாள்கணக்கில் மல்லுக்கட்டியது இந்த இடத்தில்தான். அடுப்பு புதுசு, குழாய் உயரம் சரி, விறகும் காய்ந்தது. அப்படியிருந்தும் காலையில் பற்றவைத்த முதல் பத்து நிமிடம் புகை முழுக்க முகத்துக்கே வந்தது. பிறகு தானாகச் சரியாகிவிடும்.

காரணம் குழாய்க்குள் நிற்கும் குளிர்ந்த காற்று. இரவெல்லாம் ஆறிப்போன குழாயில் கனமான காற்று அடைத்துக்கொண்டிருக்கும். சின்னத் தீயிலிருந்து கிளம்பும் புகைக்கு அதைத் தள்ளிக்கொண்டு மேலே போகும் வலு இல்லை. அதனால் அடுப்பு வாய் வழியாகவே திரும்பிவிடுகிறது. ஆகவே முதலில் சூடேற்ற வேண்டியது அடுப்பை அல்ல, குழாயை.

குழாயின் அடியில் கரி அள்ளும் வாயைத் திறந்து, ஒரு செய்தித்தாளைக் கசக்கி வைத்துக் கொளுத்துங்கள். நன்றாகப் பிடித்ததும் மூடியைப் போடுங்கள். குழாய்க்குள் காற்று ஏறும் சத்தம் லேசாகக் கேட்கும். இப்போது ஒரு ஊதுபத்தியை அடுப்பு வாயில் காட்டுங்கள். அதன் புகை உள்ளே இழுபட்டால் தயார். உங்கள் பக்கம் வந்தால் இன்னொரு தாள்.

அப்புறம் எக்ஸாஸ்ட் ஃபேன். புகை போகட்டும் என்று அதைப் போடுவார்கள், நடப்பது நேர்மாறு. ஃபேன் அறையிலிருந்து காற்றை உறிஞ்சி வெளியே தள்ளும்போது, அதை ஈடுகட்ட வெளிக்காற்று ஏதாவது ஒரு வழியில் உள்ளே வந்தாக வேண்டும். கதவு சாத்தியிருந்தால் அது வரும் வழி உங்கள் புகைபோக்கி. ஃபேனை நிறுத்துங்கள், பின்வாசலைத் திறந்து வையுங்கள்.

சரி, இப்போது தீ. தென்னை மட்டையடியில் கிடைக்கும் நார்ப் பன்னாடையை அடியில் வைத்து, அதன் மேல் காற்றுப் புகும்படி சுள்ளிகளைக் குறுக்கும் நெடுக்குமாக வையுங்கள். தீ பிடித்த பிறகுதான் கட்டை. மண்ணெண்ணெயோ பெட்ரோலோ ஒரு சொட்டுகூட வேண்டாம். தணல் மேல் மண்ணெண்ணெய் ஊற்றினால் ஆவி குப்பென்று பற்றி முகத்துக்கு வரும்.

படி 5: எரியும்போது

பருத்தித் துணி உடுத்துங்கள், முந்தானையை இழுத்துச் செருகுங்கள். நைலான், பாலியஸ்டர் இளகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். அடுப்பு வாயை விறகால் திணிக்கக்கூடாது. இரண்டு மூன்று கட்டைகளின் நுனி மட்டும் எரியட்டும், எரிய எரிய உள்ளே தள்ளிக்கொண்டே வாருங்கள். நீளக் கட்டைக்கு வெளியே ஒரு செங்கல் முட்டுக்கொடுத்தால் கொள்ளி சரிந்து விழாது. கொடியடுப்பில் ஒன்றும் வைக்காவிட்டால் தண்ணீர்ப் பானையையாவது வைத்து மூடுங்கள், திறந்து கிடந்தால் புகை அங்கிருந்து வரும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் அஸ்த்ரா குழு உருவாக்கிய அடுப்பிலும் பாத்திரம் கண்ணில் கச்சிதமாக உட்காருவது முக்கியமான விஷயம்.

ஊதுகுழல் இரும்பில், ஒரு முழத்துக்கு மேல் நீளமாக வாங்குங்கள். மிச்சமான பிவிசி துண்டை வைத்து ஊதுவதைப் பார்த்திருக்கிறேன், முனை இளகி அந்த ஆவி வாய்க்கே வரும். ஊதிய பிறகு குழலை வாயிலிருந்து எடுத்துவிட்டு மூச்சு இழுங்கள். இடுக்கியும் நீளமாக இருக்கட்டும்.

சூடு பட்டுவிட்டால் 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் காட்டுங்கள். பற்பசை, மாவு, மஞ்சள் எதுவும் வேண்டாம். பெரிய காயம் என்றால் 108.

படி 6: அணைப்பதும் சாம்பலும்

எரியும் அடுப்பில் தண்ணீர் ஊற்றாதீர்கள். மண் வெடிக்கும், சாம்பலும் ஆவியும் முகத்தில் அடிக்கும். கொள்ளிகளை வெளியே எடுத்து மணலில் புதையுங்கள். சாம்பலுக்கு மூடியுள்ள இரும்பு வாளிதான். மேலே வெள்ளையாக ஆறிப்போனது போல் தெரியும், கிளறினால் உள்ளே கங்கு சிவந்திருக்கும். மறுநாள்கூட அது உயிரோடு இருக்கும். எருக்குழியில் உடனே கொட்டினால் காய்ந்த சருகு பற்றிக்கொள்ளும். வாளியை வாசலுக்கு வெளியே இரண்டு நாள் வைத்திருந்து கொட்டுங்கள்.

மாதம் ஒருமுறை குழாயைச் சுத்தம் செய்யுங்கள். கயிற்றில் ஒரு கல்லும் தேங்காய் நார்க் கற்றையும் கட்டி மேலிருந்து இறக்கி ஏற்றினால் கரி உதிரும். உள்ளே படியும் கறுத்த பிசின் எரியக்கூடியது. என்றைக்காவது குழாய்க்குள் 'ஹோ' என்று இரைச்சல் கேட்டால் அது பற்றிக்கொண்டது என்று அர்த்தம். முடிந்தால் கொள்ளியை இழுத்துப் போட்டு, ஈரச் சாக்கால் அடுப்பு வாயை அடையுங்கள். எல்லோரும் வெளியே வந்து 101-க்குக் கூப்பிடுங்கள்.

பின்சேர்க்கை:

குளிருக்காகத் தணலைச் சட்டியில் அள்ளிப் படுக்கையறையில் வைக்கலாமா என்று மலைப்பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். கூடவே கூடாது. புகை இல்லாத தணலிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டே இருக்கும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, கிறுகிறுப்பு, வாந்தி வரும், தூக்கத்தில் இருப்பவருக்கு அதுவும் தெரியாது. கொடைக்கானல் போன்ற ஊர்களில் பூட்டிய அறையில் கரி மூட்டிப் படுத்தவர்கள் இறந்திருக்கிறார்கள். குளிருக்கு இன்னொரு போர்வையைப் போர்த்திக்கொள்ளுங்கள்.

மழை பெய்தால் குழாய் வழியாகத் தண்ணீர் ஒழுகுகிறது என்று இன்னொருவர் எழுதியிருந்தார். உச்சியில் தகரத் தொப்பி வையுங்கள். ஆனால் குழாய் வாய்க்கும் தொப்பிக்கும் நடுவே அரையடியாவது இடைவெளி விடுங்கள், ஒட்டி வைத்தால் புகை மறுபடியும் கீழேதான் இறங்கும். அந்த இடைவெளியில் கம்பி வலை சுற்றுவதாக இருந்தால் கண் பெரிதாக உள்ள வலையாகப் பாருங்கள், கொசுவலை மாதிரி நெருக்கமானது கரி பிடித்துச் சீக்கிரமே அடைத்துக்கொள்ளும்.