இழந்த பந்தை மட்டும் எண்ணலாமா? துணிந்து ஆடும் விங்கர்களை எடைபோடுவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2020 அக்டோபர் 27 அன்று ஜெர்மனியின் மென்ஷன்கிளாட்பாக் நகரில் நடந்த சாம்பியன்ஸ் லீக் கால்பந்து ஆட்டத்தின் இடைவேளையில் ரியல் மாட்ரிட் அணி ஒரு கோல் பின்தங்கியிருந்தது. அப்போது மைதானத்துக்குச் செல்லும் நடைவழியில் கரீம் பென்சிமா தன் சக வீரர் ஃபெர்லான்ட் மென்டியிடம் பிரெஞ்சு மொழியில் தாழ்ந்த குரலில் பேசியதைத் தொலைக்காட்சிக் கேமரா பதிவு செய்துவிட்டது. வினிசியஸுக்குப் பந்தைக் கொடுக்காதே, அவன் நமக்கு எதிராகத்தான் ஆடுகிறான் என்பதே அந்தப் பேச்சின் சாரம்.

விங்கரான, அதாவது மைதானத்தின் ஓரத்தில் தாக்கி ஆடும் வீரரான வினிசியஸ் ஜூனியருக்கு அப்போது இருபது வயது. எண்களும் பென்சிமாவுக்கே சாட்சி சொல்லின. ஸ்பானிய லீகில் 2018-19 பருவத்தில் அவர் அடித்தவை 2 கோல்கள். அடுத்த பருவத்தில் 3. பேச்சு நிகழ்ந்த அந்தப் பருவம் முடிந்தபோதும் 3 தான். ஒருவரைத் தாண்டி, இருவரைத் தாண்டி, பெனால்டி பகுதிக்குள் நுழைந்து, கடைசியில் பந்தைப் பார்வையாளர் கூட்டத்தை நோக்கி அடிக்கும் இளைஞன் என்று ரசிகர்கள் கேலி பேசினார்கள். ஆனால் 2021-22 பருவத்தில் அதே லீகில் அவர் 17 கோல்கள் அடித்தார். 2022 மே 28 அன்று பாரிஸில் லிவர்பூலுக்கு எதிராக நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தின் ஒரே கோலும் அவருடையதுதான். பட்டியலைப் பார்த்தவர்களும் பக்கத்தில் நின்று ஆடியவரும் ஒரே முடிவுக்கு வந்து, இரு தரப்புமே ஏமாந்தது எப்படி? புள்ளிவிவரமா, கண்ணால் பார்ப்பதா என்று நாம் நடத்தும் வழக்கமான சண்டையில் இந்தக் கேள்வி எழுவதே இல்லை. இரண்டுமே தவறான இடத்தில் பார்த்துக்கொண்டிருக்கக்கூடும்.

எங்கே இழந்தார் என்று கேட்காமல் விடுவது

தவறுகளில் பெரியது இதுதான் என்பதால் இங்கே சற்று நிதானமாகச் சொல்கிறேன். எந்த அணியின் பட்டியலை எடுத்துப் பார்த்தாலும், பந்தை அதிகம் இழந்தவர்கள் வரிசையில் விங்கரின் பெயர் மேலே இருக்கும். அதே பட்டியலில் மத்தியத் தடுப்பாட்டக்காரரின் பாஸ்களில் நூற்றுக்குத் தொண்ணூறு சரியாகப் போய்ச் சேர்ந்திருக்கும். அவர் முன்னால் யாரும் நெருக்காதபோது, பத்து மீட்டர் தள்ளித் தனியாக நிற்கும் தோழருக்குத் தட்டிவிடுகிறார். விங்கரோ பக்கக் கோட்டுக்கும் எதிரணியின் ஓரத் தடுப்பாட்டக்காரரான ஃபுல்பேக்குக்கும் இடையே ஒரு முழ இடைவெளியில் நுழையப் பார்க்கிறார். கரையில் நிற்பவன் வேட்டி நனையவில்லை என்பதற்காக அவனை நல்ல நீச்சல்காரன் என்று சொல்லிவிட முடியாது.

விளங்குவதற்காக ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு விங்கர் எதிரணியின் பெனால்டி பகுதியை ஒட்டிய மூலையில் 10 முறை ஃபுல்பேக்கைத் தாண்ட முயன்று, 4 முறை வெல்கிறார், 6 முறை பந்தைப் பறிகொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த இடத்தில் ஒரு முறை தாண்டினால் தன் அணி கோல் அடிக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 3 பங்கு கூடுகிறது. பறிகொடுத்தால் எதிரணி கோல் அடிக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 1 பங்கு கூடுகிறது, ஏனென்றால் அவர்கள் கோலை அடைய முழு மைதானத்தையும் கடந்தாக வேண்டும். வரவு 12, செலவு 6. பாதிக்கு மேல் தோற்றும் அவர் அணிக்கு லாபம் சேர்த்திருக்கிறார். இதே 4 வெற்றியும் 6 தோல்வியும் நடுமைதானத்தில், சக வீரர்கள் எல்லோரும் முன்னேறிச் சென்றுவிட்ட நேரத்தில் நிகழ்ந்திருந்தால், ஒவ்வொரு வெற்றிக்கும் 1, ஒவ்வொரு தோல்விக்கும் 3 என்று கணக்கு தலைகீழாகிறது. வரவு 4, செலவு 18. வெற்றி விகிதம் இரண்டு இடத்திலும் 40 சதவீதம்தான். முதலாமவரை அணியில் வைத்துக்கொள்ள வேண்டும், இரண்டாமவரைக் கூப்பிட்டுப் பேச வேண்டும்.

இதில் இன்னொரு செலவும் ஒளிந்திருக்கிறது. துணியாமல் திரும்பிப் பின்னால் பாஸ் கொடுக்கும் விங்கர் எந்தப் பட்டியலிலும் எதையும் இழப்பதில்லை. ஆனால் அந்தப் பாஸ் போய்த் திரும்புவதற்குள் கலைந்து நின்ற எதிரணித் தடுப்பு மறுபடி வரிசைகட்டிவிடுகிறது. அந்த இழப்புக்குப் பெயரும் இல்லை, எண்ணும் இல்லை. மைதானத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு மதிப்பு கொடுத்து, பந்தை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டுபோனதால் கோல் வாய்ப்பு எவ்வளவு கூடியது என்று அளக்கும் முறைகள் இப்போது வந்திருக்கின்றன. கருண் சிங் பரவலாக்கிய ‘எதிர்பார்க்கப்படும் அச்சுறுத்தல்’ என்ற அளவை அவற்றுள் ஒன்று. வெறும் வெற்றி விகிதத்தைவிட இவை பன்மடங்கு மேல். ஆனாலும் இந்த வகை அளவைகள் பெரும்பாலும் பந்து இருக்கும் இடத்தைத்தான் படிக்கின்றன. விங்கரைத் தடுக்க இரண்டாவது ஆள் ஓடி வந்ததால் நடுவில் யார் தனியே விடப்பட்டார் என்பதையோ, இருபதாவது நிமிடத்தில் மஞ்சள் அட்டை வாங்கிய ஃபுல்பேக் மீதி எழுபது நிமிடமும் காலை நீட்டத் தயங்கியதையோ அவை படிப்பதில்லை.

எண்ணுவதில் பகுதியைப் பார்த்து முழுமையை மறக்கும் பழக்கம் புதிதன்று. சார்லஸ் ரீப் என்ற ஆங்கிலேய விமானப்படை அதிகாரி 1950 மார்ச் 18 அன்று ஸ்விண்டன் அணியின் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, நோட்டும் பென்சிலும் எடுத்துத் தாக்குதல்களைக் குறிக்கத் தொடங்கினார். பின்னாளில் அவர் கண்டு சொன்ன முடிவு, பெரும்பாலான கோல்கள் மூன்று அல்லது அதற்கும் குறைவான பாஸ்களில் விளைகின்றன என்பது. ஆகவே பந்தைச் சுற்றவிடாமல் நீளமாக அடித்து முன்னே அனுப்புவதே சிறந்தது என்று அவரும் அவரைப் பின்பற்றியவர்களும் வாதிட்டார்கள். ஆட்டத்தில் நிகழும் நகர்வுகளிலேயே மிகப் பெரும்பாலானவை மூன்று பாஸ்களுக்குள் முடிந்துவிடுபவை என்பதை அந்த வாதம் கணக்கில் கொள்ளவில்லை. விங்கர் பந்தை 15 முறை இழந்தார் என்று நாம் இன்று கொதிக்கும்போது, அவர் எத்தனை முறை அந்த ஆபத்தான இடத்தில் பந்தைப் பெற்றார் என்று கேட்காமல் விடுவதும் அதே வகைப் பிழைதான்.

அசிஸ்டை விங்கரின் தனிச் சொத்தாக நினைப்பது

ஓரத்திலிருந்து கோல் முகத்துக்கு அனுப்பும் ஒரு கிராஸ், கோலுக்கு முந்தைய கடைசிப் பாஸாக எண்ணப்பட்டு அசிஸ்ட் ஆவதும் வீணாவதும் அதைப் பெறுபவரின் கையில், இன்னும் சரியாகச் சொன்னால் தலையில் இருக்கிறது. விங்கர் அடாமா ட்ராவோரே இதற்கு நல்ல சான்று. வுல்வர்ஹாம்ப்டன் அணிக்கு வந்த முதல் பருவமான 2018-19இல் பிரீமியர் லீகில் அவருக்குக் கிடைத்தது 1 கோல், 1 அசிஸ்ட். வேகம் உண்டு, மூளை இல்லை என்ற ஏச்சு அப்போது பரவலாக இருந்தது. அடுத்த பருவத்தில் 4 கோல், 9 அசிஸ்ட். அவர் வலப்புறம் ஓடி அனுப்பிய பந்துகளைக் கோலாக்கியவர்களில் முதன்மையானவர் மெக்சிகோ வீரர் ரவூல் ஹிமெனெஸ். 2020 நவம்பர் 29 அன்று ஆர்சனலுக்கு எதிரான ஆட்டத்தில் தலைகள் மோதி ஹிமெனெஸின் மண்டையோடு முறிந்தது. அந்தப் பருவம் முழுவதும் அவர் திரும்பவில்லை. ட்ராவோரேவின் அசிஸ்டுகளும் அந்தப் பருவத்தில் வெகுவாகச் சரிந்தன. சரிவுக்கு அது ஒன்றே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஓடுபவரின் பெயரில் எழுதப்படும் எண்ணில் பாதி வேறொருவருடையது என்பதை மறந்து, ‘இவர் தேய்ந்துவிட்டார்’ என்று தீர்ப்பெழுதியவர்கள் பலர்.

பிரேசிலின் வலது விங்கர் கர்ரிஞ்சா 1958 உலகக் கோப்பையில் ஒரு கோலும் அடிக்கவில்லை. கோல் பட்டியலை மட்டும் வைத்திருப்பவருக்கு அவர் அந்தப் போட்டியில் இல்லாதவர்போலத் தெரிவார். ஜூன் 15 அன்று கோதன்பர்க்கில் சோவியத் அணிக்கு எதிராக ஆட்டம் தொடங்கியவுடன் தடுப்பாட்டக்காரரை நிலைகுலையச் செய்து அவர் அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. சற்று நேரத்தில் பெலே அடித்ததும் கம்பத்தில் பட்டது. மூன்றாவது நிமிடத்தில் வாவா கோல் அடித்தார். சுவீடனுடனான இறுதியாட்டத்தில் பிரேசில் முதலில் பின்தங்கியது; அதன்பின் வலது ஓரத்தில் ஆளைத் தாண்டிக் கோல் முகத்துக்கு அவர் தள்ளிவிட்ட பந்துகளிலிருந்து வாவா இரண்டு கோல்கள் அடித்தார். இரண்டும் அச்சில் வார்த்ததுபோல் ஒன்றே.

சிறு மாதிரியும் மாறிய வேலையும்

2023 நவம்பர் 4 அன்று போர்ன்மவுத் அணியை மான்செஸ்டர் சிட்டி 6-1 என்று வென்றபோது அதன் விங்கர் ஜெரமி டோக்கு ஒரு கோலும் நான்கு அசிஸ்டும் பெற்றார். அந்தப் பருவத்தில் லீகில் அவர் தந்த அசிஸ்டுகளில் கணிசமான பங்கு அந்த ஒரே நாளில் வந்தது. பருவத்தின் மொத்தத்தை ஆட்டங்களின் எண்ணிக்கையால் வகுத்துச் சராசரி சொல்பவர்கள் இப்படிப்பட்ட நாள்களைக் கவனித்தாக வேண்டும். கடைசி இருபது நிமிடத்துக்கு மாற்று வீரராக வருபவரின் எண்களை 90 நிமிடத்துக்குப் பெருக்கிப் பார்ப்பது இன்னும் மோசம். அவர் தாண்டுவது எழுபது நிமிடம் ஓடிக் களைத்த கால்களை.

ஜாக் கிரீலிஷ் கதை வேறு மாதிரியானது. ஆஸ்டன் வில்லாவில் பந்தை வாங்கி, ஆட்களைத் தன்மேல் இழுத்து, ஃபவுல் வாங்கி, அணியைத் தானே சுமந்து நடந்தவர் அவர். 2021 ஆகஸ்டில் 10 கோடி பவுண்டுக்கு மான்செஸ்டர் சிட்டி அவரை வாங்கியது. அங்கே அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை, இடது ஓரத்தில் பந்தைப் பத்திரமாக நிறுத்தி, அணி ஒழுங்கு குலையாமல் பார்த்துக்கொள்வது. முதல் பருவ லீகில் 3 கோல்தான் வந்தது என்றதும் பணம் வீண் என்றார்கள். மறுவருடம் அந்த அணி மூன்று பெரிய கோப்பைகளையும் வென்றபோது அவர் முக்கிய ஆட்டங்களில் இடம்பெற்றவர். வில்லாவின் எண்ணையும் சிட்டியின் எண்ணையும் அருகருகே வைத்து மனிதர் மாறிவிட்டார் என்றவர்கள், வேலை மாறியதைக் கேட்கவில்லை. (அந்த வேலைக்கு அவ்வளவு விலை வேண்டுமா என்பது நியாயமான கேள்வி, அதைக் கிளப் கணக்காளரிடம் விட்டுவிடுகிறேன்.)

கண்ணை நம்பி மோசம் போவது

‘நான் எண் பார்ப்பதில்லை, ஆட்டம் பார்ப்பவன்’ என்று பெருமை பேசுபவர்களுக்கும் பங்கு உண்டு. 1953 மே 2 அன்று வெம்ப்ளியில் நடந்த எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில் போல்டன் அணி 3-1 என்று முன்னிலையில் இருந்தது. அங்கிருந்து பிளாக்பூல் 4-3 என்று வென்றது. அந்த ஆட்டத்துக்கு இன்றுவரை ‘மேத்யூஸ் இறுதியாட்டம்’ என்றே பெயர். வலது விங்கரான ஸ்டான்லி மேத்யூஸ் அதில் கோல் அடிக்கவில்லை. மூன்று கோல் அடித்தவர் ஸ்டான் மார்டென்சன். கண் சரியாகத்தான் பார்த்தது என்பேன், கடைசிக் கோல் உட்பட மேத்யூஸின் ஓரத்திலிருந்துதான் வெற்றி வந்தது. ஆனால் அவரை எதிர்கொண்ட போல்டனின் இடப்பக்கம் எப்படி இருந்தது? எரிக் பெல் தொடைத் தசை பிடித்து நொண்டிக்கொண்டிருந்தார். ஃபுல்பேக் ரால்ஃப் பேங்க்ஸுக்குத் தசைப்பிடிப்பு. மாற்று வீரர்களை இறக்கும் விதி அன்று கிடையாது. மாயத்தைக் கண்ட கண், மாயத்துக்கு வழிவிட்ட கால்களைக் காணவில்லை.

நினைவும் அப்படித்தான், அது கடைசியில் நடந்ததைப் பிடித்துக்கொள்கிறது. 2012 சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தின் கூடுதல் நேரத்தில் பயர்ன் மியூனிக் விங்கர் ஆர்யன் ராபன் பெனால்டியைத் தவறவிட்டபோது பெரிய ஆட்டத்தில் கைவிடுபவர் என்றார்கள். அடுத்த ஆண்டு டார்ட்மண்டுக்கு எதிரான இறுதியாட்டத்தின் முதல் பாதியிலும் அவர் நல்ல வாய்ப்புகளைக் கோல்கீப்பரிடம் தொலைத்தார். 89ஆவது நிமிடத்தில் வெற்றிக் கோல் வந்ததும் முதல் பாதியை எல்லோரும் மறந்துவிட்டார்கள். இரண்டு நிமிடத் தொகுப்புக் காணொளிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்; அவற்றில் எந்த விங்கரும் தோற்பதில்லை.

நானே செய்து பார்த்தது

இரண்டையும் சேர்க்க எனக்குத் தெரிந்த வழி எளியது. நள்ளிரவு ஆட்டங்களைப் பார்க்கும்போது ஒரு நோட்டில் மூன்று கட்டம் போட்டுக்கொள்வேன். விங்கர் பந்தை எங்கே வாங்கினார், அப்போது அவரை எத்தனை பேர் நெருக்கினார்கள், பந்து போனபின் அடுத்த பத்து விநாடியில் என்ன நடந்தது என்பவை அந்த மூன்று. ‘நன்று’, ‘மோசம்’ என்று எதுவும் எழுதுவதில்லை. மறுநாள் காலையில் இணையத்தில் வரும் எண்களை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். இரவில் நான் எரிச்சலோடு பார்த்த இழப்புகளில் பாதிக்குமேல் மூலைக்கொடி அருகே நிகழ்ந்தவை, அடுத்த பத்து விநாடியில் ஒன்றும் ஆகாதவை என்பது பல நாள் தெரியவந்திருக்கிறது. அப்படியே, நான் கைதட்டிய சில ஓட்டங்கள் ஆளைத் தாண்டிவிட்டு ஒரு பயனும் இல்லாமல் கோட்டோரம் முடிந்தவை.

ஆனால் இந்த நோட்டிலும் ஓட்டை இருந்தது. பாரிஸ் இறுதியாட்டத்தின் 59ஆவது நிமிடத்தை மீண்டும் போட்டுப் பார்த்தபோதுதான் அதைக் கண்டேன். வலப்புறத்திலிருந்து வால்வெர்டே பந்தைக் கோல் முகத்துக்குக் குறுக்கே வேகமாக அடிக்கிறார். லிவர்பூலின் அலெக்சாண்டர்-ஆர்னால்டின் முதுகுக்குப் பின்னால், அவர் கண்ணில் படாமல், தூரக் கம்பத்தருகே வினிசியஸ் வந்து நிற்கிறார். ஒரே தொடுகை, பந்து உள்ளே. பந்தை உருட்டிக்கொண்டு ஓடும் டிரிபிள் இல்லை, தாண்டப்பட்ட ஆள் இல்லை, பந்து வரும்வரை அவர் செய்தது எதுவும் என் மூன்று கட்டங்களில் அடங்காது. அன்றிரவு நான்காவது கட்டம் ஒன்று போட்டு, ‘பந்து இல்லாதபோது எங்கே நின்றார்’ என்று தலைப்பெழுதினேன். நிரப்புவதற்கு அதுதான் இன்றுவரை சிரமமாக இருக்கிறது, ஏனென்றால் கேமரா பெரும்பாலும் பந்தின் பின்னாலேயே போகிறது.