கோடியக்கரைக் காட்டில் நடக்கச் செல்பவர்கள் அறிய வேண்டியவை

வேதாரண்யத்துக்குத் தெற்கே உள்ள கோடியக்கரைக் காட்டில் ஏறுவதற்கு மலை இல்லை என்பதால், தஞ்சை, திருவாரூர்ப் பக்கத்திலிருந்து வருபவர்கள் அங்கு நடப்பதை எளிதாக எண்ணிவிடுகிறார்கள். நடவு வயலில் பழகிய காலுக்குச் சேறு என்ன செய்துவிடும் என்ற துணிவும் அவர்களுக்கு உண்டு. பரம்படித்த வயலில் கால் சற்றுப் புதைந்ததும் உழவால் இறுகிய அடித்தரை தாங்கிக்கொள்ளும். காடு முடிந்து சதுப்பு தொடங்கும் இடத்தில் அத்தகைய தரை இருக்கும் என்று நம்ப முடியாது. உப்புப் பூத்து, காய்ந்ததுபோல் தோன்றும் மேற்பரப்புக்கு அடியில் கூழாகச் சேறு கிடக்கலாம். ஆகவே கையில் நீண்ட கழி ஒன்றை வைத்துக்கொண்டு, ஊன்றிப் பார்த்த பிறகே அடுத்த அடியை வையுங்கள். கால் புதைந்துவிட்டால் வெடுக்கென்று இழுக்காமல், பின்பக்கமாகச் சாய்ந்து உடல் எடையைப் பரப்பி, காலை மெல்ல அசைத்து ஒவ்வொன்றாக விடுவிக்க வேண்டும்.

இது 1967 முதல் வனவிலங்குச் சரணாலயம். எனவே வனத்துறையின் அனுமதியின்றி நுழையக்கூடாது. மழை ஓய்ந்து, வலசைப் பறவைகள் இன்னும் தங்கியிருக்கும் தை, மாசி மாதங்களே நடக்க ஏற்றவை என்பது என் கருத்து. ஐப்பசி, கார்த்திகையில் காற்றழுத்தத் தாழ்வு பற்றிய அறிவிப்பு வந்தாலே பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்; 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யத்தை ஒட்டித்தான் கரையைக் கடந்தது.

திசை தவறுவது இங்கு எளிது. அலையோசையை வைத்துக் கிழக்கைக் கண்டுகொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். கடற்கரை இங்கே திரும்புவதால் கிழக்கே வங்கக் கடலும் தெற்கே பாக் நீரிணையும் இருக்கின்றன. புறப்படும் முன்பே வரைபடத்தைக் கைபேசியில் இறக்கிக்கொள்வதும், வழி தெரிந்த உள்ளூர்க்காரர் ஒருவருடன் செல்வதும் நல்லது. குடிநீரை வீட்டிலிருந்தே போதிய அளவு கொண்டுசெல்லுங்கள். சதுப்பில் கிடப்பது உப்புநீர். தின்பண்டத்தைக் கையில் பிடித்து நடந்தால் குரங்குகள் பறித்துவிடும். வெளிமான்களையும் காட்டுக்குதிரைகளையும் தொலைவிலிருந்து பார்ப்பதே முறை. குட்டியுடன் நிற்கும் குதிரையை நெருங்கவே கூடாது.

புதர்ப் பகுதியில் காலை முழுதும் மூடும் காலணி அவசியம். பாம்பு கடித்தால் கடிவாயைக் கீறுவதோ இறுக்கிக் கட்டுவதோ வேண்டாம். கடிபட்டவரை நடக்கவிடாமல், கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, 108-ஐ அழைத்து, நஞ்சுமுறி மருந்து உள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டுசெல்லுங்கள். பாம்பைத் தேடிப் பிடிப்பதில் நேரத்தைக் கழிக்காதீர்கள்.