கை மரத்துப்போனால் மணிக்கட்டை மடக்கிப் பிடிக்காதீர்கள்

கோத்தகிரிப் பக்கம் தேயிலைக் கொழுந்து பறிக்கும் என் சித்தி, கத்தரிக்கோலால் கொழுந்து வெட்டிய நாளென்றால் நடுராத்திரியில் எழுந்து உட்கார்ந்து கையை உதறுவார். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மரத்திருக்கும். சுண்டுவிரலுக்கு ஒன்றும் ஆகாது. யாரோ சொன்னார்கள் என்று மணிக்கட்டை உள்பக்கம் மடக்கி, மறு கையால் அழுத்தி, நூறு வரை எண்ணுவார். எண்ணி முடிப்பதற்குள் மதமதப்பு கூடிவிடும். “நரம்பு திறக்குதுடா” என்பார்.

திறக்கவில்லை, நசுங்குகிறது. மணிக்கட்டில் எலும்புகளுக்கும் மேலே இழுத்துக் கட்டிய நாருக்கும் நடுவே ஒரு சின்னச் சந்து. விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும், கட்டைவிரல் பக்கத்து விரல்களுக்கு உணர்ச்சி தரும் மீடியன் நரம்பும் அதற்குள்தான் போகின்றன. சாயங்கால மினிபஸ் மாதிரி, ஏற்கெனவே நெரிசல். மடக்கினால் இன்னும் இறுகும். அந்தச் சந்தில் நரம்பு நசுங்கும் ‘கார்ப்பல் டனல்’ நோய்தானா என்று பார்க்க, மருத்துவர்கள் மணிக்கட்டை ஒரு நிமிடம் மடக்கி வைக்கச் சொல்வதே அதனால்தான். சித்தி சோதனையையே வைத்தியமாகச் செய்துகொண்டிருந்தார்!

மணிக்கட்டை நேராக வைத்து விரலை மட்டும் அசைப்பது நல்லது. முதலில் விரல்கள் நேராக. அப்புறம் நுனிக் கணுக்களை மட்டும் மடக்கி, வாளிப் பிடியில் மாட்டுவது போல ஒரு கொக்கி. திரும்ப நேராக. பிறகு தளர்வான முஷ்டி, இறுக்க வேண்டாம். ஐந்தாறு தடவை போதும். சுரீரென்றால் அந்த அளவுக்கு முன்பே நிறுத்திவிடுங்கள். நரம்பு தசை அல்ல, இழுத்துப் பிடித்தால் பழகிக்கொள்ளாது.

ரப்பர் பந்தை அமுக்குவதும் வேண்டாம். பிடி இறுக இறுகச் சந்துக்குள் அழுத்தம் ஏறும்.

உறைபனிக் காலத்தில் விறைத்த கையோடு பயிற்சியைத் தொடங்காதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்துவிட்டுச் செய்யலாம். தண்ணீரின் சூட்டை முழங்கையால் பாருங்கள். மரத்த விரலுக்குச் சூடு தெரியாது; கரியடுப்பில் காட்டிக் கொப்புளம் போட்டுக்கொள்வது இப்படித்தான்.

பகலெல்லாம் பயிற்சி செய்துவிட்டு, ராத்திரி கம்பளிக்குள் கையைச் சுருட்டிப் படுத்தால் எல்லாம் வீண். மணிக்கட்டை நேராக நிறுத்தும் தகடு வைத்த பட்டை மருந்துக்கடையில் கிடைக்கும். சுற்றிக் கட்டும் துணிப்பட்டை அதற்கு ஈடாகாது, இறுக்கினால் கெடுதலும்கூட.

சுண்டுவிரல்தான் மரக்கிறது என்றால் அது வேறு நரம்பு, இந்தப் பயிற்சி அதற்கில்லை. சர்க்கரை, தைராய்டு இருப்பவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இந்தத் தொல்லை அதிகம் வரும், அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இரண்டு உள்ளங்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கட்டைவிரல் அடிச்சதை ஒரு பக்கம் மட்டும் பள்ளம் விழுந்திருந்தாலோ, சட்டைப் பொத்தான் நழுவினாலோ, பயிற்சியை நம்பி நாள் கடத்தாதீர்கள். நரம்பு ரொம்ப நாள் நசுங்கினால், பிறகு அறுவை சிகிச்சை செய்தாலும் போன பலம் முழுதாகத் திரும்பாமல் போகலாம்.